குண்டூசிப் பாட்டும் ஐந்து கட்டையும்

என் தங்கையின் மூத்தவனுக்கு வயது 14. சென்ற ஆண்டு வரை ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் கணீரென்று பாடியவன். இந்த ஆண்டு ஒரு போட்டிக்குப் பழகும்போது மேல் ஸட்ஜத்தில் குரல் பிசிறியது. சுருதியைக் குறைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். "போன வருடம் இதே சுருதியில்தானே முதலிடம் எடுத்தாய், அழுத்திப் பாடு, வரும்" என்று பாட்டுப் பழக்கியவர் பதில். அழுத்தினான். போட்டிக்கு முதல் நாள் மட்டக்களப்புக் கல்லடியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு கையில் மல்லித்தண்ணீர்க் கோப்பை, மறு கை கழுத்தில். "மாமா" என்றான். காற்றுத்தான் வந்தது. தொண்டை வைத்தியர் மூன்று மாதம் பாட்டையே மறந்துவிடச் சொன்னார்.

பழக்கியவர் மீது எனக்குக் கோபம்தான். ஆனால் குரல் என்பது வரம், வரம் வாங்கி வந்தவன் எப்போதும் பாடுவான் என்று நம்பும் ஊரே அவர் பின்னால் நிற்கிறது. எங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மீன் பாடும் வாவி என்ற பெருமை வேறு! மீனுக்குக் குரல் உடைவதில்லை, பையனுக்கு உடையும். அந்த வயதில் குரல்வளை பெருத்து, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ஸவிலிருந்து கீழ் ஸ வரை, இறங்குகிறது. இறங்கியதை மேலே தூக்கி நிறுத்தச் சொன்னால் தொண்டை என்ன செய்யும்?

மேலைநாட்டு இசை நாடகமான ஓபராவைக் கேட்பது என் பழைய கிறுக்கு. அந்த உலகில் டேனியல் டி நீஸ் என்று ஒரு பாடகி. மெல்பேர்னில் பிறந்தவர், பெற்றோர் ஐரோப்பிய வழிவந்த இலங்கைப் பறங்கியர். பறங்கியர் என்றதுமே எங்கள் ஊர் டச்பார்ப் பக்கத்து நினைவு வந்து, எனக்கு அவர் ஊர்க்காரிபோல ஆகிவிட்டார். 9 வயதிலேயே ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றவர். நாமாக இருந்தால் மறுவாரமே பதாகை கட்டி, திருவிழாவுக்குத் திருவிழா மேடை ஏற்றியிருப்போம். பத்து ஆண்டு கழித்து, 19 வயதில், நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் அவருக்குக் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' என்ற ஓபராவில் தோட்டக்காரனின் மகள். அவளுக்குத் தனியே ஒரே ஒரு பாட்டு. தொலைந்த குண்டூசியைத் தேடி அழுகிறாள், சட்டென்று முடிந்துவிடும். 2005இல்தான் இங்கிலாந்தின் கிளைன்ட்போர்ன் ஓபரா விழாவில் ஹாண்டல் இசையமைத்த ஓபராவின் கிளியோபாத்ராவாக நின்று பெயர் வாங்கினார்.

அங்கே மைக் கிடையாது. பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். கத்தினால் நடக்காது. வாத்தியங்களின் பலம் 500 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 500 அதிர்வு) பக்கம் குவிகிறது. தேர்ந்த பாடகர் தொண்டையின் வடிவை மாற்றி, 3000 ஹேர்ட்ஸ் அளவில் தன் குரலுக்கு ஒரு கூர்மை ஏற்றுகிறார். அங்கே வாத்தியங்கள் மெலிந்திருக்கும், நம் காதோ மிகக் கூர்மையாக இருக்கும். விலா எலும்பையும் மூச்சையும் ஆண்டுக்கணக்கில் பழக்கினால்தான் இது வரும். வாக்னர் என்ற இசையமைப்பாளரின் கனத்த ஓபரா வேடங்களை 30 வயதுக்கு முன் தொடாதே என்று ஆசிரியர்களே மறிப்பார்கள். பெரும்பாலானோருக்கு நிரந்தரச் சம்பளமும் இல்லை, பாடிய இரவுக்குத்தான் காசு. தடிமன் பிடித்தால் அன்றைய வரும்படி போயிற்று.

வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு என் அம்மப்பாவைச் சொல்கிறேன். மட்டக்களப்பு நாட்டுக்கூத்தில் ஒரு வகையான வடமோடிக் கூத்தர். நாலு பக்கமும் சனம் இருக்கும் வட்டக்களரியில், கரப்புடுப்பு என்ற கனத்த கூத்து உடையைச் சுமந்துகொண்டு விடியும்வரை பாடி ஆடியவர். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் ஆளையும் பார்த்துத்தான் சட்டம், அதாவது வேடத்துக்கான பாட்டு, கொடுப்பார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு என்ற முழு ஒத்திகையும் பார்த்துத்தான் அரங்கேற்றம். ஆடிக் களைக்கிறவனிடமிருந்து பிற்பாட்டுக்காரர் வரியை வாங்கிக்கொள்வார்கள், அவன் மூச்செடுப்பான். அம்மப்பாவின் தொண்டையும் கடைசியில் கரகரத்துத்தான் போயிற்று, அதை மறைக்கவில்லை. ஆனால் குரல் உடைகிற வயதுப் பையனைத் தருமராசாவாக்கும் அண்ணாவியார் யாரும் இருந்ததாக அவர் சொன்னதில்லை. இன்று நாமோ எக்கோவைக் கூட்டிவைத்து, மைக்கைக் கையில் திணித்து, கைதட்டுகிறோம்.

மூன்று மாதம் முடிந்துவிட்டது. போன ஞாயிறு மருமகன் சுருதிப் பெட்டியை ஒன்றரைக் கட்டைக்குத் திருப்பிச் சரளிவரிசை பாடினான். "அப்பா பாடுகிற மாதிரி இருக்கிறது மாமா" என்று முகத்தைச் சுளித்தான். மேசையில் அடுத்த போட்டிக்கான விண்ணப்பம் நிரப்பியபடி கிடந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். தங்கைக்கு இதை வாசித்தால்தான் தெரியும்.