வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு?

வளர்ப்பு மீன்களைத் தாக்கும் வைரஸ் நோய்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், மீன் சாகத் தொடங்கியதும் ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம் போடலாம் என்று ஒரு வரி வருகிறது. தயவுசெய்து அதைத் திருத்துங்கள். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. பின்னாலேயே வரும் பாக்டீரியா தொற்றுக்குக்கூடப் பரிசோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கொட்டினால் காசும் போகும், மருந்துக்கு அடங்காத கிருமியும் வளரும்.

புதிதாக வாங்கும் மீனைத் தனியே வைத்துப் பார்க்கச் சொன்னது சரி. ஆனால் எந்த வெப்பநிலையில் என்று சொல்லவில்லையே! கெண்டையைத் தாக்கும் கொய் ஹெர்பிஸ் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சுமார் 16 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் அந்த நோய் வெளியே தெரியும். அதைவிடக் குளிர்ந்த நீரில் தொற்றிய மீனும் நன்றாகவே நீந்தும், ஆனால் உடம்புக்குள் வைரஸ் இருக்கும். செவுளில் வெள்ளைத் திட்டும் குழி விழுந்த கண்ணும் தெரிகிறபோது பக்கத்து மீன்களுக்கும் தொற்றியிருக்கும். பிழைத்த மீனும் வைரஸைச் சுமக்கும் என்பதால் அதைப் புதுக் குளத்தில் விடவே கூடாது.

அப்புறம், பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும்) பரிசோதனை செய்த குஞ்சு, குளத்துக்குக் குளம் தனி வலை, செத்த மீனை அன்றன்றே அகற்றுவது, இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.