மசில் கார் பெயர்கள்: விலங்கை விடுங்கள், விதிப் புத்தகத்தைப் பாருங்கள்

அமெரிக்க மசில் கார்களின் (சாதாரணக் கார் உடலில் பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்கள்) பெயர்க்காரணம் என்று ஒரு பட்டியல் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மஸ்டாங் என்றால் காட்டுக்குதிரை, சார்ஜர் என்றால் போர்க்குதிரை, பாராகுடா என்றால் சீலா மீன், ஃபயர்பேர்ட் என்றால் நெருப்புப் பறவை. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அகராதியைப் புரட்டினால் கிடைக்கிற சமாச்சாரத்துக்கு எதற்கய்யா பட்டியல்? பாராகுடாவுக்கு பிளிமத் அதிகாரிகள் முதலில் யோசித்த பெயர் பாண்டா. ஆமாம், மூங்கில் தின்னும் அந்தக் கரடிதான். ஜான் சாம்சன் என்ற டிசைனர் சொன்ன மீன் பெயர் கடைசியில் ஜெயித்தது. பெயர் எதுவானாலும் உள்ளே இருந்தது வேலியன்ட் காரின் அடிக்கட்டுமானம்தான். விலங்குப் பெயர் என்பது விளம்பரப் பிரிவு போட்டுவிடுகிற சட்டை.

என் கட்சி இதுதான்: 1964 முதல் 1970 வரையிலான அந்தக் கார்களின் அசல் வரலாறு எழுத்திலும் எண்ணிலும் இருக்கிறது. ஜிடிஓ, 4-4-2, இசட்/28, 500, ட்ரான்ஸ் ஆம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விதியிலிருந்து பிறந்த பெயர். சிலது விதிக்குக் கட்டுப்பட்டு, சிலது அதைச் சுற்றிக்கொண்டு போய், சிலது அப்பட்டமாகப் பொய் சொல்லி.

ஜிடிஓவிலிருந்து ஆரம்பிப்போம். 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் (பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், செவர்லே போன்றவை) எல்லாவற்றையும் பந்தயத்திலிருந்து விலகச் சொல்லிவிட்டது. பான்டியாக்கின் விற்பனையே பந்தயப் பெயரை நம்பித்தான் இருந்தது. போதாக்குறைக்கு நடுத்தர அளவுக் கார்களில் 330 க்யூபிக் இன்ச்சுக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று தலைமையகத்தின் உத்தரவு வேறு. பான்டியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியனும் பில் காலின்ஸ், ரஸ் ஜீ என்ற இரண்டு எஞ்சினியர்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: பான்டியாக்கின் 326 எஞ்சினுக்கும் 389 எஞ்சினுக்கும் வெளிப்புற அளவு ஒன்றுதான், அதே மவுன்டில் உட்காரும். இன்னொன்று, புது மாடலுக்குத்தான் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். இருக்கிற மாடலில் ஒரு ஆப்ஷன் சேர்க்க அது தேவையில்லை. ஆக, 1964 டெம்பஸ்ட் லெ மான்ஸ் காருக்கு ஏறக்குறைய 295 டாலர் விலையில் ஒரு ஆப்ஷன் பேக்கேஜ் வந்தது. 389 வி8, தரையில் ஹர்ஸ்ட் கியர் ஷிஃப்டர், இரட்டை சைலன்சர், விறைப்பான ஸ்பிரிங், முன்பக்க ஆன்டி-ரோல் பார். பானட்டில் தெரியும் இரண்டு காற்றுத் துளைகளும் டம்மி. ஒரு நாலு-பேரல் கார்புரேட்டருடன் 325 குதிரைத்திறன், மூன்று இரண்டு-பேரல் கார்புரேட்டர் வைத்த ட்ரை-பவரில் 348.

பெயரை டிலோரியன் நேராக ஃபெராரியிலிருந்து எடுத்தார். இத்தாலியப் பெயரான கிரான் டூரிஸ்மோ ஓமோலகாட்டோவின் சுருக்கம் அது. கடைசிச் சொல்லுக்கு, பந்தய அமைப்பு பரிசீலித்து ஏற்றுக்கொண்ட வண்டி என்று பொருள். ஃபெராரி ரசிகர்கள் கொதித்தார்கள், பந்தயத்துக்கே போகாத காருக்கு அந்த எழுத்து எப்படிப் பொருந்தும் என்று. நியாயமான கேள்விதான். ஆனால் கிரான் டூரிஸ்மோ பிரிவுக்கு 100 கார் தயாரிக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரி 250 ஜிடிஓவோ மொத்தமே 36தான். பழைய 250 ஜிடியின் உடலை மாற்றியதுதான் இது, புதுக் கார் இல்லை என்று வாதாடித்தான் ஃபெராரி அனுமதி வாங்கியது. பான்டியாக்கின் ஓ பொய் என்றால் ஃபெராரியின் ஓவும் பாதி வக்கீல் வேலை. அதனால் பெயர்த் திருட்டு என்று குதிப்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. இந்தப் பேக்கேஜுக்கு விற்பனைப் பிரிவு முதலில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 5,000. அந்த ஆண்டு விற்றது 32,450.

அதே ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் 4-4-2. முதல் 4, நாலு-பேரல் கார்புரேட்டர். இரண்டாவது 4, தரையில் நாலு கியர் மேனுவல். 2, இரட்டை சைலன்சர். இதுவரை எல்லாருக்கும் தெரியும். 1965-ல் ஆட்டோமேட்டிக் கியரும் வாங்கலாம் என்று ஆனது, எஞ்சின் 400 க்யூபிக் இன்ச்சாக ஏறியது. நாலு கியர் இல்லாத காருக்கு 4-4-2 என்று எப்படிச் சொல்வது? எண்ணை விட்டுவிட்டு அர்த்தத்தை மாற்றினார்கள்: 400 எஞ்சின், நாலு-பேரல், இரட்டை சைலன்சர். ஆகவே 4-4-2 என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எந்த வருஷத்து வண்டி என்று திருப்பிக் கேளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பொய் பியூக்கினுடையது. ஜிடிஓவின் வெற்றிக்குப் பின் தலைமையகம் வரம்பை 400 ஆகத் தளர்த்தியது. பியூக்கின் கையில் இருந்ததோ 401. ஒரே ஒரு க்யூபிக் இன்ச் கூடுதல். எஞ்சினை மாற்றவில்லை, காகிதத்தை மாற்றினார்கள். 1965 ஸ்கைலார்க் கிரான் ஸ்போர்ட்டில் அது 400 எஞ்சின் என்றே விளம்பரமானது. ஆனால் பானட்டைத் திறந்தால் ஏர் கிளீனர் மேல் வைல்ட்கேட் 445 என்று எழுதியிருக்கும். அது எஞ்சின் அளவே இல்லை, டார்க்கின் (முறுக்குவிசை) அளவு, 445 பவுண்டு-அடி. ஒரே எஞ்சினுக்கு மூன்று எண்.

செவர்லேவின் (சுருக்கமாக செவி) செவெல் எஸ்எஸ் 396 இன்னும் மோசம். 1970 மாடலில் சிலிண்டரின் போர் (உள்விட்டம்) 4.094 இன்ச்சிலிருந்து 4.125 ஆனது. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) அதே 3.76. நீங்களே கணக்குப் போடலாம்: போரை அதே போரால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, எட்டு சிலிண்டருக்காக 8-ஆல் பெருக்குங்கள். முன்னது 396, பின்னது 402. பேட்ஜ் மட்டும் 396 என்றே நின்றது, மக்கள் மனதில் பதிந்த எண்ணாயிற்றே. அதே 402 எஞ்சினை எஸ்எஸ் அல்லாத செவெலில் போட்டபோது டர்போ-ஜெட் 400 என்றார்கள். இத்தனைக்கும் அதில் டர்போவும் கிடையாது, ஜெட்டும் கிடையாது. ஃபோர்டு 427-ஐயும் இதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: போர் 4.23, ஸ்ட்ரோக் 3.78. 425தான் வரும். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் வரம்பு ஏழு லிட்டர், அதாவது 427. அந்த எண்ணைத்தான் ஃபோர்டு ஒட்டிக்கொண்டது.

பொய்யே இல்லாத பெயர் என்றால் கமாரோ இசட்/28. ட்ரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கப் பந்தயத் தொடரில் ஐந்து லிட்டர், அதாவது 305 க்யூபிக் இன்ச் வரம்பு. செவியிடம் 283-உம் 327-உம் இருந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. 327-இன் 4 இன்ச் போர் பிளாக்கில் 283-இன் 3 இன்ச் ஸ்ட்ரோக் கிராங்க்கை இறக்கினார்கள், 302 பிறந்தது. ஆர்டர் ஃபாரத்தில் எஸ்எஸ் பேக்கேஜின் குறியீடு இசட்27; அடுத்த குறியீடு இசட்28. அவ்வளவுதான் பெயர்க்காரணம். எழுத்துக்கு உள்ளர்த்தம் தேடி யாரும் மெனக்கெட வேண்டாம். 1967-ல் தயாரானது 602 கார்கள். அந்த வருஷம் காரின் மேல் இசட்/28 என்று பேட்ஜ்கூட இல்லை. விளம்பரமே செய்யாத பெயர் எல்லா விளம்பரப் பெயர்களையும் தாண்டி நிலைத்தது.

இதற்கு நேர் எதிர், பான்டியாக் ஃபயர்பேர்ட் ட்ரான்ஸ் ஆம். பந்தயத் தொடரின் பெயரையே காருக்கு வைக்க, அதை நடத்திய எஸ்சிசிஏ அமைப்புக்கு காருக்கு 5 டாலர் ராயல்டி. 1969-ல் வந்தபோது உள்ளே இருந்ததோ 400 எஞ்சின். தன் பெயரிலேயே நடக்கும் பந்தயத்தில் அந்த எஞ்சினோடு கலந்துகொள்ள முடியாது! முதல் வருஷம் 697 கார்தான். பெயர் 2002 வரை வண்டியை விட்டு நீங்கவில்லை.

நாஸ்கார் பக்கம் வந்தால் விதி இன்னும் வெளிப்படை. 500 கார் தயாரித்து விற்றால்தான் பந்தயத்தில் இறக்கலாம். டாட்ஜ் சார்ஜர் 500-இன் 500 அந்த விதியின் எண். அடுத்து வந்ததுதான் மூக்கு நீண்ட, பின்னால் ஆளுயர இறக்கை வைத்த சார்ஜர் டேட்டோனா. ஃபோர்டு விட்டது டொரினோ டாலடேகா. இரண்டுமே ஓடுதளங்களின் பெயர்கள். இதில் ஒரு வேடிக்கை: 1969 டேட்டோனா 500 பந்தயத்தை லீராய் யார்ப்ரோ ஜெயித்தது ஃபோர்டு டாலடேகாவில். அதே ஆண்டு செப்டம்பரில் டாலடேகாவில் நடந்த முதல் பெரிய பந்தயத்தை ஜெயித்தது டாட்ஜ் டேட்டோனா. ஊர்ப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டார்களோ என்று தோன்றும்.

விளம்பரப் பெயர்களிலும் சொல்ல ஒன்றிரண்டு இருக்கிறது. கமாரோவை உள்ளுக்குள் பாந்தர் என்றுதான் கூப்பிட்டார்கள். 1966 ஜூன் 28 அன்று பீட் எஸ்டெஸ் (ஜிடிஓவுக்கு அனுமதி கொடுத்த அதே ஆள், அப்போது செவர்லேவின் தலைவர்) பதினான்கு நகரங்களின் நிருபர்களை ஒரே தொலைபேசி இணைப்பில் சேர்த்துப் பெயரை அறிவித்தார். பிரெஞ்சில் தோழன் என்று பொருள் என்றார்கள். கமாரோ என்றால் என்ன என்று துருவிய நிருபர்களுக்குக் கிடைத்த பதில்: மஸ்டாங்குகளைத் தின்னும் ஒரு குட்டிக் கொடூர மிருகம். மஸ்டாங்குக்கோ இரண்டு தகப்பன்கள். இரண்டாம் உலகப்போர் பி-51 விமானத்தின் ரசிகரான ஜான் நஜ்ஜார் என்ற டிசைனர் ஒருவர். குதிரை வளர்த்துவந்த சந்தை ஆய்வு மேலாளர் ராபர்ட் எகர்ட் இன்னொருவர். ஜெர்மனியில் அந்தப் பெயர் க்ருப் கம்பெனியிடம் இருந்ததால் அங்கே 1979 வரை டி-5 என்ற பெயரில்தான் விற்றது. குதிரை போனாலும் வண்டி ஓடியது என்பதைக் கவனியுங்கள்.

செவி நோவா ஸ்பானிஷில் 'போகாது' என்று ஒலித்ததால் விற்கவில்லை என்பது மார்க்கெட்டிங் வகுப்புகளில் இன்றும் ஓதப்படும் கட்டுக்கதை. மெக்ஸிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. மெக்ஸிகோ அரசு எண்ணெய் நிறுவனமே நோவா என்ற பெயரில் பெட்ரோல் விற்றது.

காசு கொடுத்து வாங்கிய பெயர்களில் உருப்படியானது 1968 பிளிமத் ரோட் ரன்னர். கார்ட்டூன் பறவைக்காக வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர், அதன் 'பீப் பீப்' குரலில் ஒரு ஹார்ன் செய்ய 10,000 டாலர். (அசல் பறவை நம்மூர்ச் செம்போத்தைப் போலவே தரையில் திரியும் குயில் குடும்பத்துப் பறவை.) கார் விலை 2,896 டாலர், தரையில் கார்ப்பெட் கிடையாது, 383 எஞ்சின். முதல் வருஷமே 45,000-ஐ ஒட்டி விற்றது. அதற்குப் பதிலடி கொடுக்க பான்டியாக் 1969-ல் ஜிடிஓ ஜட்ஜ் விட்டது. தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் அடிக்கடி வந்த 'இதோ வருகிறார் ஜட்ஜ்' என்ற வசனத்திலிருந்து டிலோரியன் எடுத்த பெயர். மலிவு காராக நினைத்து ஆரம்பித்தது, சாதாரண ஜிடிஓவைவிட 332 டாலர் கூடுதல் விலையில் போய் நின்றது. டாட்ஜ் டீமனுக்கு வேறு தலைவலி. முட்கரண்டி ஏந்திய குட்டிப் பிசாசுப் படத்தை மதக் குழுக்கள் எதிர்த்தன. 1973-ல் டார்ட் ஸ்போர்ட் என்று மாற்றினார்கள். 2018-ல் அதே டாட்ஜ் அதே பெயரைச் சேலஞ்சருக்கு வைத்தபோது பெருமையாக விற்றது.

மஸ்டாங்கை மாற்றியமைத்து கேரல் ஷெல்பி செய்த ஷெல்பி ஜிடி350-இன் 350 எஞ்சின் அளவு என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் 289. பெயருக்காக நடந்த கூட்டம் இழுத்துக்கொண்டே போக, இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று ஷெல்பி கேட்டார். ஏறக்குறைய 350 அடி என்றார் அவருடைய எஞ்சினியர் ஃபில் ரெமிங்டன். ஷெல்பியே சொன்ன கதை இது. கார் நல்லதாக இருந்தால் பெயர் எதுவானாலும் ஓடும் என்பது அவர் கணக்கு.

இதையெல்லாம் தெரிந்துகொள்வதில் காசு சம்பந்தப்பட்ட ஒரு பயனும் உண்டு. பெயர் மாடலா, ஆப்ஷனா என்பதுதான் போலியைப் பிடிக்கும் முதல் கேள்வி. 1964, 65 ஜிடிஓ ஆப்ஷன் என்பதால் வின் எண்ணில் (ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்) ஜிடிஓ என்பதற்கு அடையாளமே இருக்காது. பான்டியாக்கின் பழைய பில் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். 1966-ல் தனி மாடல் ஆனதும் எண் 242 என்று தொடங்கும். ஆனால் ஜட்ஜ் மறுபடியும் ஆப்ஷன், அங்கே 242 எதையும் நிரூபிக்காது. 1967 முதல் 69 வரை இசட்/28-க்கும் வின் கைகொடுக்காது. வேறு வழியில் பாருங்கள். அது நாலு கியர் மேனுவலில் மட்டும் வந்தது, முன்னால் டிஸ்க் பிரேக் கட்டாயம், ஏசி கிடையாது. ஆட்டோமேட்டிக்கோ கம்பெனி ஏசியோ இருந்தால் பேட்ஜ் பின்னால் ஒட்டியது. 1969 என்றால் எஞ்சின் பிளாக்கின் முன்பக்கத் தளத்தில் டிஇசட் என்ற எழுத்தும், பக்கத்தில் காரின் வின் எண்ணின் ஒரு பகுதியும் குத்தப்பட்டிருக்கும். எழுத்து சரியாக இருந்து வின் பொருந்தாவிட்டால் எஞ்சின் வேறு வண்டியிலிருந்து வந்தது. அந்தத் தளமே புதிதாக இழைத்தது போல வழவழப்பாக இருந்தால் மறுபடி குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

ரோட் ரன்னரில் வேலை சுலபம், அது ஆரம்பத்திலிருந்தே மாடல். 1968 முதல் 70 வரை ஓட்டுநர் பக்க டேஷ்போர்டின் மேல் உள்ள தகட்டில் எண் ஆர்எம் என்று தொடங்க வேண்டும். ஐந்தாவது எழுத்து எஞ்சின்: 1968, 69-ல் ஜே இருந்தால் 426 ஹெமி (அரைக்கோள வடிவ எரியறை கொண்ட எஞ்சின்), 1970-ல் ஆர் இருந்தால் ஹெமி. விற்பவர் ஹெமி என்று சொல்லி அந்த இடத்தில் வேறு எழுத்து இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அப்புறம் ஹார்னையும் பாருங்கள்; 1969 முதல் அது ஊதா நிறத்தில், ரோட் ரன்னரின் குரல் என்ற ஸ்டிக்கரோடு வந்தது.

பின்னூட்டத்தில் ஏஎம்சியை (அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம்) ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு: ஏஎம்எக்ஸ் என்பது அமெரிக்கன் மோட்டார்ஸ் எக்ஸ்பெரிமென்டல், எஸ்சி/ராம்ப்ளர் 1969-ல் மட்டும் வந்தது, 1,512 கார்கள். தனிப் பதிவே போடலாம்.