ஸ்மார்ட் போர்டுக்குப் பணம் உண்டு, சம்பளத்துக்கு இல்லை

சிறிய தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கும் அறிக்கையும் தயார் செய்து கொடுப்பது என் வேலை. மார்ச் நெருங்கினாலே வயிற்றைக் கலக்கும். சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிடும் பணத்துக்கான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மார்ச் 31-உடன் முடிந்துவிடும். அடுத்தது கையெழுத்தாகிப் பணம் வந்துசேர ஜூலை, ஆகஸ்ட் கூட ஆகிவிடும். நடுவில் உள்ள மாதங்களுக்கு யார் சம்பளம் போடுவது?

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு மையத்தில், இப்படியொரு இடைவெளியில் பிசியோதெரபிஸ்ட் வேலையை விட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பயிற்சி சில மாதம் நின்றாலே தசைகள் இறுகத் தொடங்கிவிடும். வாக்கர் பிடித்து நாலடி வைத்துக்கொண்டிருந்த பிள்ளையை அம்மா மறுபடி இடுப்பில் தூக்கி வந்தார். அதே அறைச் சுவரில், நன்கொடை கொடுத்த கம்பெனியின் பெயரோடு புத்தம்புது ஸ்மார்ட் போர்டு.

பயிற்சி வகுப்பு வைத்து, "நிதி ஆதாரங்களைப் பரவலாக்குங்கள்" என்று இந்த நிறுவனங்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். சரி, ஆனால் எங்கே போய்ப் பரவலாக்குவது? 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, பெரிய நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தில் சிறிய நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதே தடையானது. அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தது. புதிய வருமான வரி முறைக்கு மாறியவர்களுக்கு நன்கொடைக்கான வரிச் சலுகையும் (80ஜி) கிடையாது.

சம்பளத்துக்குக் கேட்டால் சிஎஸ்ஆர் அதிகாரிகள் பலர், "விதியில் இடமில்லை" என்பார்கள். இது தவறு. நிர்வாகச் செலவுக்கான 5 சதவீத வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. கல்வித் திட்டத்தில் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவுதான் என்று கம்பெனி விவகார அமைச்சகமே 2021-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தை நீட்டிக்கவும் விதி இடம் தருகிறது. இவ்வளவு வழி இருந்தும் வருடாவருடம் கையெழுத்துக்காகக் காக்கவைப்பது நியாயமே இல்லை.

நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். மிச்சம் வைத்தால் வரித்துறை பிடிக்கும் என்று பயந்து, வருடக் கடைசியில் எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறார்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட்டால் போதும், மீதி 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். ப்ராஜெக்ட் பணத்தில் இது நடக்காது, மிஞ்சினால் திருப்பிக் கேட்பார்கள். குறிப்பிட்ட திட்டத்துக்கென்று இல்லாமல் வரும் பொது நன்கொடையில் தாராளமாகச் செய்யலாம். "கார்பஸ்" (நிலைநிதி) என்று எழுதிக் கொடுத்து வரும் நன்கொடையைத் தனியாக வங்கி வைப்பில் போடுங்கள். ஆறு மாதச் சம்பளம் கையிருப்பில் இருந்தால், ஒத்துவராத நிபந்தனையோடு வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வரும். அப்புறம், எந்த நன்கொடையாளர் விலகினால் எத்தனை பேர் சம்பளம் நிற்கும் என்று இப்போதே எழுதிப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் ஒரே இடத்துப் பணத்தை நம்பியிருந்தால், அடுத்த ஆளைத் தேடும் வேலையை இன்றே தொடங்கவேண்டும்.

நம் ஊரில் கொடுக்கும் மனசுக்குக் குறைவில்லை. பிறந்தநாள், திருமணநாள், திதி என்றால் இல்லத்துக் குழந்தைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடாதவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். வேனுக்கு டீசல், இரவுக் காவலர் சம்பளம், கரண்ட் பில் இவற்றுக்கு ஆள் இல்லை. மாதம் 500 ரூபாய் தருகிற 200 பேர் கிடைத்தால் மாதம் ஒரு லட்சம். ஒரு சிறிய மையத்தின் சம்பளத்தில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும்.

உங்களுக்குத் தெரிந்த டிரஸ்ட் இருந்தால், இந்த வருடம் சாப்பாட்டுக்குத் தேதி கேட்பதற்கு முன் அவர்கள் கணக்காளரிடம் பேசுங்கள். எந்த மாதம் சம்பளம் இழுபறியாக இருக்கும் என்று கேட்டு, அந்த மாதத்துக்குக் கொடுங்கள். ரசீதில் "பொது நன்கொடை" என்றே எழுதச் சொல்லுங்கள்.