"நல்லதுக்குத்தான் திட்டுறோம்" என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

மரமண்டை. களிமண். மாடு மேய்க்கத்தான் லாயக்கு. என் மகன் கணக்கு வகுப்பிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பட்டங்கள் இவை. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில், தமிழ் மீடியத்தில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்தில் எழுந்து கேட்டால், "நல்லதுக்குத்தானே திட்டுறோம்" என்று பதில் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரும் அதற்குத் தலையாட்டுகிறார்கள். வயிறு எரிகிறது.

அப்படி என்ன செய்துவிட்டான்? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டான். பின்னக் கணக்கில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்புதான். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய், விடை எப்படி அரையை விடக் குறைந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவனே தலையைச் சொறிந்துகொண்டு திரும்பப் போட்டுப் பார்த்திருப்பான். தப்பு நோட்டில் இருக்கிறது, அதைத் திருத்தலாம். மண்டையில் இருக்கிறது என்று வகுப்பு முன்னால் அறிவித்துவிட்டால் அவன் எதைத் திருத்துவான்? இப்போது சந்தேகம் கேட்பதையே நிறுத்திவிட்டான். டீச்சருக்கு அது அமைதியான வகுப்பாகத் தெரிகிறதாம்!

எல்லையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதிலும் இரட்டை அடி. வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் கடையிலும் மலையாளம். இரண்டும் கலக்கத்தான் செய்யும். தமிழ் வகுப்பில் மலையாளம் கலந்தால் ஒரு மாஷ் (வாத்தியார்) அதே மாதிரி பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறார். மலையாள வகுப்பில் உச்சரிப்பு பிசகினால், தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற 'பாண்டி' என்ற பெயரால் கேலி. ரெண்டு பாஷையைச் சமாளிக்கிற பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் நக்கல்தான் பரிசா?

அப்புறம் அந்த அவசரம். கேள்வி கேட்ட கையோடு "தெரியாதா? உட்காரு." மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதை வகுப்பறைகளில் பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் நிற்பது குறைந்தது. மூன்றே வினாடி! வாத்தியாருக்குப் பைசா செலவில்லை.

வேலைப்பளு, பதிவேடு, பயிற்சி என்று ஆசிரியர்களுக்கு இருக்கும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அதே பள்ளியில் அதே பளுவோடு இன்னொரு டீச்சர் இருக்கிறார். "இதுவரைக்கும் சரியாத்தான் வந்திருக்கே, இந்த இடத்துல என்ன ஆச்சு?" என்று கேட்பார். அவர் வகுப்பில் என் மகன் கை தூக்குகிறான்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் பணி விதிப்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு. பிரம்பைக் கீழே வைத்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்கள் அந்தப் பிரிவை முழுசாகப் படிக்கட்டும். அடுத்த பி.டி.ஏ. கூட்டத்துக்கு அதை அச்செடுத்துக் கொண்டு போகிறேன், தலையாட்டும் பெற்றோருக்கும் சேர்த்து.