ஈலியம் ஏன் அந்தத் தொங்கலில் நிற்கிறது?

போன கிழமை உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "ரீச்சர், ஈலியத்துக்கு ரெண்டு இலத்திரன்தானே? பெரிலியத்துக்கும் வெளியோட்டில ரெண்டுதானே? பிறகேன் ஆவர்த்தன அட்டவணையில ஈலியத்தைக் கொண்டுபோய் அந்தத் தொங்கலில விட்டிருக்கினம்?"

இதே கேள்வியை நானும் அவளுடைய வயதில் கேட்டேன். "சோதினைக்கு வராததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதை" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். அதற்குப் பிறகு அந்த ஆசிரியரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. போன கிழமை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்க, முடிக்காத பாடம் மேசையில் கிடக்க, அதே வசனம் என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். "நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை" என்றேன்.

நான் உயர்தரம் படித்தது யாழ்ப்பாணத்தில், போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில்தான் படிப்பு. கொப்பித் தாளே பெரிய சாமான். ஒரு சி.ஆர். கொப்பியின் நடுத்தாளைக் கழற்றி, அடிமட்டம் வைத்து, 18 நிரல்களைக் கீறி, ஆவர்த்தன அட்டவணையைக் கையால் எழுதினேன். 57ஆம், 89ஆம் மூலகங்களுக்கு வந்ததும் கை நின்றது. தாள் காணாது. புத்தகத்தில் இருந்தபடியே, அங்கே தொடங்குகிற இரண்டு வரிசையையும் கீழே தனியாக எழுதினேன். பந்தியில் இடம் கிடைக்காமல் திண்ணையில் குந்தியிருக்கிற ஆட்கள் மாதிரி அவை எனக்குத் தெரிந்தன. ஏதோ குறையுள்ள மூலகங்களாக்கும் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன்.

குறை மூலகத்தில் இல்லை, தாளில். உள்ளே எடுத்து எழுதினால் 32 நிரல்கள் வரும். புத்தகத்தின் பக்கம் அவ்வளவு அகலமில்லை, அதனால் வெட்டிக் கீழே போட்டார்கள். விளக்கடியில் இருந்த எனக்கு வந்த அதே பிரச்சினைதான் அச்சகத்துக்கும் வந்திருக்கிறது.

இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் இயல்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற விதி இயற்கையினுடையது. சுவரில் தொங்குகிற அட்டவணை மனிதர் கீறியது. இந்த இரண்டையும் நாங்கள் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுவதில்லை. ரஷ்ய இரசாயனவியலாளர் மென்டலீவ் 1869இல் 63 மூலகங்களோடு வெளியிட்ட முதல் அட்டவணையில் ஒரே குடும்பத்து மூலகங்கள் மேலிருந்து கீழாக அல்ல, பக்கவாட்டில் நின்றன. இரண்டு வருடத்தில் அவரே அதை மாற்றிக் கீறினார்.

அடுத்த நாள் வகுப்புக்கு ஒரு வெறும் நெஸ்டமோல்ட் பேணி கொண்டுபோனேன். பேணியைச் சுற்றித் தாளை ஒட்டி, சுற்றளவைப் பதினாறாகப் பிரித்துக் கோடுகள் போட்டோம். பிறகு அடியிலிருந்து சரிவாக ஒரு கோடு, வேலியில் கொடி ஏறுகிற மாதிரி. அந்தக் கோட்டில் அணுத்திணிவின்படி, அதாவது அணுவின் எடைப்படி, மூலகங்களை ஒவ்வொன்றாகக் குறித்தோம். இலிதியம் 7. ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் சோடியம் 23, அதற்கு நேர் மேலே. இன்னொரு சுற்று, பொற்றாசியம் 39, அதற்கும் நேர் மேலே. வகுப்பில் சத்தமே இல்லை. ஒட்சிசன் 16, கந்தகம் 32, செலனியம் 79, தெலூரியம் 128 நால்வரும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் ஏறி நின்றார்கள்.

இது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. பிரான்சில் சான்கூர்த்துவா என்ற புவியியலாளர், கல்லும் மண்ணும் ஆராய்ந்தவர், மென்டலீவுக்கு ஏழு வருடம் முன்னம், 1862இல், உருளையில் சுற்றிக் காட்டிய ஒழுங்கு. அவருடைய கட்டுரையை அச்சிட்டபோது படத்தை விட்டுவிட்டார்கள். படம் இல்லாமல் அதை ஆர் விளங்குவது? இரசாயனவியலாளர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பேணி பிழையும் சொல்லும். தைத்தேனியம் 48 என்பதால் ஒட்சிசனின் கோட்டிலேயே போய் நின்றுவிட்டது. இரண்டுக்கும் ஒரு உறவும் இல்லை. மக்னீசியம் பெரிலியத்துக்கு நேரே வராமல் ஒரு கோடு தள்ளி நின்றது. அந்தப் பிழைகளைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அணுத்திணிவை விட்டு அணுவெண்ணை (அணுவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கையை) ஏன் பிடித்தோம் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

லண்டனில் நியூலாண்ட்ஸ் என்பவர் ஒவ்வொரு எட்டாவது மூலகமும் முதலாவதை ஒத்திருக்கிறது என்றார், ச ரி க ம பாடி எட்டாவதில் மறுபடி ச வருவது போல. ஈலியம், நேயன் போன்ற விழுமிய வாயுக்கள் ஒன்றும் அப்போது அட்டவணையில் இல்லை, அதனால் எட்டு. 1866இல் இரசாயனச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீரா என்று கேட்டாராம். 1887இல் அதே வேலைக்காக நியூலாண்ட்ஸுக்கு டேவி பதக்கம் கொடுத்தார்கள்.

சரி, ஈலியம். எனக்கு மிகப் பிடித்த ஒழுங்கு சார்ல்ஸ் ஜானே என்ற பிரெஞ்சுக்காரருடையது. பொறியியலாளர், எறும்புகளை ஆராய்ந்து பெயரெடுத்தவர். 1920களின் கடைசியில், முதலிரண்டு கூட்டங்களையும், அதாவது நிரல்களையும், இடப்பக்கத்திலிருந்து பெயர்த்து வலது தொங்கலில் கொண்டுபோய் வைத்தார். அட்டவணை படிக்கட்டாக இறங்கியது. நிரைகளின் நீளம் 2, 2, 8, 8, 18, 18, 32, 32. நாங்கள் அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்கிற இலத்திரன் நிரம்பும் ஒழுங்கை அதில் வரி வரியாக வாசித்துக்கொண்டு போகலாம். திண்ணையில் இருந்த இரண்டு வரிசையும் உள்ளே வந்துவிட்டன. எல்லாவற்றையும் கூட்டினால் 120. எங்களிடம் இருப்பது 118. கடைசி இரண்டு கட்டமும் காலியாகக் காத்திருக்கின்றன.

அந்த அட்டவணையில் ஈலியம் நிற்பது பெரிலியத்தின் தலைக்கு மேல். பிள்ளை கேட்ட அதே இடம்! கரும்பலகையில் கீறிக் காட்டியபோது அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஆய்வுகூடத்தில் போத்தல்களோடு நிற்கிறவளுக்கு ஈலியம் நேயனோடுதான் நிற்க வேண்டும். அது ஒன்றோடும் தாக்கமடையாது. பெரிலியம் உலோகம். இலத்திரன் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்கிறவருக்கு ஜானே சொன்னது சரி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, பார்க்கிற பக்கம் வேறு. 1964இல் பென்ஃபி என்ற இரசாயனவியலாளர் ஐதரசனை நடுவில் வைத்து அட்டவணையைச் சுருளாகச் சுற்றினார். ஐரோப்பிய இரசாயனச் சங்கம் 2019இல் பூமியில் கிடைக்கிற அளவுக்கேற்பக் கட்டங்களைப் பெருப்பித்தும் சிறுப்பித்தும், கைபேசிக்குள் இருக்கிறவற்றுக்குக் குறி போட்டும் ஓர் அட்டவணை வெளியிட்டது. யித்திரியத்துக்குக் கீழே லந்தனமா லுத்தீசியமா என்ற வாதத்தில் புத்தகங்கள் இன்றைக்கும் இரண்டு விதமாகத்தான் அச்சாகின்றன.

இதெல்லாம் இசட் புள்ளியைக் கூட்டுமா என்று ஒரு பெற்றார் என்னைக் கேட்டார். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது, அவருடைய பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி வேண்டும். ஆனால் 1875இல் இரசாயனவியலைத் தமிழில் புத்தகமாகக் கொண்டுவந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து வேலை செய்த மண் இது. மென்டலீவ் வெறுமையாக விட்ட கட்டமொன்றில் கல்லியம் வந்து உட்கார்ந்ததும் அதே வருடம்தான். உலகம் அட்டவணையைக் கீறிக்கொண்டிருந்தபோதே நாங்கள் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் அதைப் பாடமாக்கி ஒப்புவிக்க மட்டும்தானா?

நான் கேட்பது அதிகமில்லை. உயர்தரத்தில் ஒரேயொரு பாடவேளை. ஒரு பேணி, ஒரு தாள், கொஞ்சம் பசை.

பேணி இப்போது ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது. ஐதரசனை எங்கே ஒட்டுவது என்று அன்றைக்குப் பெரிய வாக்குவாதம். ஒரு இலத்திரன், அதனால் இலிதியத்துக்குக் கீழே என்றார்கள் ஒரு பகுதியினர். நிரம்ப ஒன்றுதான் குறை, அதனால் புளோரீனோடு என்றார்கள் மற்றவர்கள். ஈலியத்தைக் கேட்ட அந்தப் பிள்ளை துண்டை வாங்கி மூடியின் நடுவில் ஒட்டினாள். "எல்லாருக்கும் பொதுவா நிக்கட்டும் ரீச்சர்" என்றாள். நான் அதைக் கழற்றவில்லை.