எந்த அணு என்று கேட்டீர்களா, சார்?

ஒரு பையன் கெமிஸ்ட்ரி விடைத்தாளில் சரியாக எழுதியதை ஆசிரியர் தப்பு என்று அடித்திருந்தார். அந்தப் படத்தை நேற்று போட்டதிலிருந்து இன்பாக்ஸில் அறிவுரை கொட்டுகிறது. சரி, பொறுமையாகவே சொல்கிறேன்.

அணுவில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆர்பிட்டால்களில் இரண்டுக்குப் பெயர் 3டி, 4எஸ். ஹைட்ரஜன் அணுவில் இந்த இரண்டில் எதற்கு ஆற்றல் அதிகம் என்பது கேள்வி. (3டி என்றதும் கண்ணாடி தேடுபவர்கள் இப்போதே நகரலாம்.) பையன் 4எஸ் என்று எழுதியிருக்கிறான். ஓரத்தில் பென்சிலில் கணக்கும் இருக்கிறது: 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை 3இன் வர்க்கமான 9ஆல் வகுத்தால் 1.51, 4இன் வர்க்கமான 16ஆல் வகுத்தால் 0.85, இரண்டுக்கும் முன்னால் மைனஸ். ஆக 4எஸ்தான் மேலே. அதன்மீது சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. '4எஸ்தான் முதலில் நிரம்பும்' என்று குறிப்பு வேறு.

அது பொட்டாசியத்தில், ஐயா! அங்கே கருவில் 19 புரோட்டான். உள்ளே இருக்கும் 18 எலக்ட்ரான்கள் அதை மறைக்கின்றன. அந்தத் திரைக்குள் புகுந்து கருவை நெருங்க 4எஸ்ஸுக்கு முடிகிறது, 3டிக்கு அவ்வளவாக முடியவில்லை. அதனால் 4எஸ் கீழே இறங்குகிறது. ஸ்காண்டியத்தில் புரோட்டான் 21 ஆனதும் 3டி அதற்கும் கீழே போய்விடுகிறது. ஹைட்ரஜனிலோ மறைக்க ஆளே கிடையாது. எந்த அணு, கருவில் எவ்வளவு மின்சுமை என்று கேட்காமல் எது மேல், எது கீழ் என்று எப்படிச் சொல்வீர்கள்?

"பிள்ளைகளைக் குழப்பாதே" என்கிறார்கள். பையன் குழம்பவில்லையே, திருத்தியவர்தானே குழம்பியிருக்கிறார்? பாடத்திட்டத்தைத் தாண்டாதே என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கொஞ்சம்தான்.

எனக்கும் எது முதலில் நிரம்பும் என்று சாய்வாக அம்பு போட்ட படத்தைத்தான் கொடுத்தார்கள். ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து பல் தேய்க்கும்போதும் ஒப்பித்தேன். இரும்பு எலக்ட்ரானை இழந்து அயனியாகும்போது கடைசியில் நிரம்பிய 3டி இருக்க, 4எஸ் ஏன் முதலில் கழல்கிறது என்று பதினொன்றாம் வகுப்பில் எழுந்து கேட்டேன். "பெரிய ஐன்ஸ்டீன், உட்காருடா." பள்ளி முடியும்வரை எனக்கு அதுதான் பெயர். அப்புறம் நான் கை தூக்கவே இல்லை.

ஒரே எலக்ட்ரான் மிஞ்சிய ஹீலியம் அயனியில் 2 புரோட்டான், அதனால் ஆற்றல் ஹைட்ரஜனைப்போல் 4 மடங்கு என்று 1913இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் சொன்னார். 4 இல்லை, 4.0016 வருகிறதே என்று நிறமாலை ஆய்வாளர் ஃபவுலர் மடக்கினார். போர் 'உட்காருடா' என்று சொல்லவில்லை. கருவின் நிறையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"நீ கெமிஸ்ட்ரியே படிக்கவில்லையே" என்கிறார் ஒருவர். ஆமாம், பி.காம். கெமிஸ்ட்ரி பக்கம் ஏன் போகவில்லை என்று மேலே சொல்லிவிட்டேன்.

இன்று காலை பையனின் அம்மா பேசினார். "பிராக்டிகல் மார்க் அவங்க கையில இருக்கு தம்பி, படத்தை எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். இந்தப் பதிவை எடுக்க மாட்டேன்.