கேட்டுக்கு வெளியவே நிறுத்தி வெச்சா எங்க ஆயா எங்கய்யா போய் உட்காரும்?

தங்கச்சிய யுனிவர்சிட்டில சேக்க குடும்பத்தோட போயிட்டு வந்ததுல இருந்து மூணு நாளா மனசே ஆறல, ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது, அதான் எழுதறேன். எந்த யுனிவர்சிட்டி, எந்த ஊருனு போடமாட்டேன். தங்கச்சி இனிமே அங்கதான் படிக்கப் போறா, என்னால அவளுக்கு ஒரு தொந்தரவு வந்துடக்கூடாது. அரசு பல்கலைக்கழகம், ரொம்பப் பெருசு, ஒரு கேட்டுல நுழைஞ்சா அடுத்த கேட்டு எங்க இருக்குன்னே தெரியாது. அது போதும்.

நாங்க பாலக்கோடு பக்கம். அப்பா தக்காளி போடறாரு, மழை பேஞ்சா கொஞ்சம் ராகி. நான் ஐடிஐ முடிச்சுட்டு ஓசூர் சிப்காட்ல வேலைக்குப் போறேன். தங்கச்சி ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல், 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு வாங்கியிருக்கா. முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்க ஈசேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நான் அலைஞ்சது தனிக்கதை. எங்க வம்சத்துலயே காலேஜ் வாசல மிதிக்கப் போற மொத ஆளு அவதான். 2011 சென்சஸ்ல எழுத்தறிவுல தமிழ்நாட்டுக்கே கடைசி மாவட்டம் எங்க தர்மபுரி. எங்கம்மாவும் ஆயாவும் அந்தக் கணக்குல எழுதப் படிக்கத் தெரியாதவங்க பக்கம் விழுந்தவங்க. அதனால அட்மிஷன்ங்கறது எங்க வீட்ல ஒருத்தர் போய் கையெழுத்து போட்டுட்டு வர்ற வேலை இல்ல, குலதெய்வம் கோயிலுக்குக் கெளம்பற மாதிரி குடும்பமே கெளம்புச்சு. பெட்டி, துணிமணி, பஸ் செலவுக்குனு ரெண்டு ஆட்டை வித்துக் குடுத்ததே ஆயாதான். அது வராம எப்படி?

ஆயாவுக்கு முட்டி மடங்காது. எங்க பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பல்லு காவி ஏறும், எலும்பு இறுகிப்போகும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013ல வர்ற வரைக்கும் ஆயுசு பூரா அந்தத் தண்ணிய குடிச்ச உடம்பு அது. கீழ உட்கார்ந்தா ரெண்டு பேரு தூக்கிவிடணும். இத ஏன் சொல்றேன்னு கீழ படிச்சா புரியும்.

நைட் பஸ் ஏறி, விடியக்காலைல எறங்கி, ஏழரைக்கெல்லாம் கேட்டுல நிக்கறோம். செக்யூரிட்டி சொல்றாரு, ஸ்டூடண்டோட ஒரு ஆளு மட்டும்தான் உள்ள போகணும், மத்தவங்கள்லாம் வெளிய இருங்கனு. வெளியன்னா எங்க? ஒரு பெஞ்சு இல்ல, ஒரு ஷெட்டு இல்ல, கேட்ட ஒட்டி மெயின் ரோடு, அதுல பஸ்ஸும் லாரியும் போயிட்டு இருக்கு. அண்ணா, வயசானவங்க, முட்டி மடங்காதுன்னு சொல்லி அரை மணி நேரம் கெஞ்சினேன். நான் கெஞ்சிட்டு இருக்கும்போதே ஒரு வெள்ளைக் கார் வந்துச்சு, கண்ணாடியக்கூட எறக்கல, தடுப்பு தானா மேல போச்சு. கடைசில நோட்டுல எல்லார் பேரும் எழுதி, என் லைசென்ஸ வாங்கி வெச்சுக்கிட்டுதான் விட்டாங்க. அந்த செக்யூரிட்டிய நான் திட்ட மாட்டேன், அவரும் காண்ட்ராக்ட்ல பன்னெண்டு மணி நேரம் நிக்கற ஆளு, அந்தப் பொழப்பு எனக்குத் தெரியும். அவருக்கு அப்படி ஆர்டர் போட்டுட்டு ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கறவங்களத்தான் கேக்கறேன். புள்ளைய சேக்க வர்ற குடும்பம் திருட வந்த கூட்டமா?

உள்ள போனா எங்க பாத்தாலும் மரம், ரோடு, பெரிய பெரிய பில்டிங்கு. அப்பா நின்னு பாத்துட்டே இருந்தாரு, எம் பொண்ணு இங்கயா படிக்கப் போறாங்கற மாதிரி. அந்த சந்தோஷம் பத்து நிமிஷம் கூட நிக்கல. ஏன்னா எங்க போகணும்னு சொல்ல ஒரு நாதி இல்ல. போர்டு எல்லாம் இங்கிலீஷ். எங்கப்பா அஞ்சாவது வரைக்கும் படிச்சவரு, எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பாரு, எந்த ஊருக்குப் போனாலும் பஸ் போர்ட பாத்து அவர்தான் எங்கள கூட்டிட்டுப் போவாரு. அங்க போர்டு முன்னாடி நின்னு கண்ண சுருக்கிப் பாத்துட்டு, ‘நீயே பாரு தம்பி’ன்னு ஒதுங்கி நின்னுட்டாரு. 1956லயே தமிழ்தான் ஆட்சிமொழின்னு சட்டம் போட்டாச்சு. எங்க ஊரு பஞ்சாயத்து ஆபீஸ்லகூட தமிழ்ல போர்டு இருக்கு. தமிழ்நாட்டு ஜனங்க வரிப்பணத்துல ஓடற யுனிவர்சிட்டிக்குத் தமிழ்ல ஒரு அம்புக்குறி போட முடியலையா?

இருந்த இங்கிலீஷ் போர்டுலயும் முக்கியமான அந்த அம்புக்குறி மேல ஏதோ கருத்தரங்கு ஃப்ளெக்ஸ கட்டி வெச்சிருக்காங்க. கருத்தரங்கு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, தேதி அதுலயே இருக்கு. கேட்டவங்கள்ல ஒருத்தர் நேரா போங்கன்னாரு, ஒருத்தர் லெஃப்ட்னாரு, ஒருத்தர் அந்த ஆபீஸ மாத்திட்டாங்களேன்னாரு. கூகுள் மேப்ப நம்பிப் போனா ஒரு பில்டிங்கோட பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துது, பூட்டின கிரில் கேட்டு. திரும்ப சுத்தி நடக்கணும். ஆயா ஒரு கையால என் தோளப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால இடுப்பப் புடிச்சுக்கிட்டு, நாலு அடி நடக்கும், நிக்கும், நாலு அடி நடக்கும், நிக்கும், ‘போலாம் சாமி, போலாம்’ங்கும். ஒரு வார்த்தை வலிக்குதுன்னு சொல்லல.

அந்த பில்டிங்க கண்டுபுடிச்சா எட்டு படிக்கட்டு, கைப்பிடி கெடையாது. பக்கத்துல சாய்தளம் இருக்கு, இல்லாம இல்ல, ஆனா அது பூரா பைக்க நிறுத்தி வெச்சிருக்காங்க. மாற்றுத்திறனாளிகளுக்குனு 2016ல சட்டம் வந்துச்சு, பொதுக் கட்டடத்துக்குள்ள எல்லாரும் போய் வர்ற மாதிரி வழி இருக்கணும்னு அதுல இருக்கு. சிமெண்ட்ட கொட்டி சாய்தளம் கட்டினவங்களுக்கு அதுல பைக்க விடாதீங்கன்னு ஒரு சங்கிலி கட்டத் தெரியாதா?

இத எழுதலாமா வேணாமானு யோசிச்சேன், எழுதறேன். எங்கம்மா முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து தண்ணியே குடிக்கல. போற எடத்துல பாத்ரூம் எப்படி இருக்குமோன்னு பயந்து. தங்கச்சி வற்புறுத்தி அங்க போய் ரெண்டு மடக்கு குடிக்க வெச்சா. அப்புறம் ஒரு பில்டிங்ல லேடீஸ் டாய்லெட் பூட்டு, சாவி ஆபீஸ்லனாங்க, ஆபீஸ்ல கேட்டா அது ஸ்டாஃபுக்குங்கறாங்க, இன்னொரு பில்டிங்ல தண்ணி வரல. அம்மாவும் தங்கச்சியும் முக்கா மணி நேரம் அலைஞ்சாங்க. திரும்பி வரும்போது அம்மா என் மூஞ்சியப் பாக்கல.

கவுண்டர் கதைக்கு வர்றேன். பத்து மணின்னு வெப்சைட்ல போட்டிருந்துச்சு, தொறக்கும்போது பதினொண்ணு. எங்க முறை வர்றப்போ பன்னெண்டே முக்கால். ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சதுக்கு ஹெச்எம் குடுத்த சர்டிபிகேட்டோட ஒரிஜினல், ஜாதி, வருமானம், முதல் பட்டதாரி எல்லாத்தையும் அடுக்கி வெச்சு நீட்டினா, ஒரு செட் ஜெராக்ஸ் பத்தாது, ரெண்டு செட் வேணும்ங்கறாரு. வெப்சைட்ல ஒரு செட்டுனுதானே சார் இருக்குன்னேன். ‘அப்போ வெப்சைட்லயே போய் சேந்துக்கோங்க’ன்னாரு. இந்த வார்த்தைய என் தங்கச்சி முன்னாடி, எங்கப்பா முன்னாடி சொன்னாரு. ஜெராக்ஸ் கடை எங்கன்னா, காலைல வந்த அதே கேட்டுக்கு வெளிய! நான் ஓடிட்டு வர்றதுக்குள்ள லஞ்ச் போர்டு மாட்டிட்டாங்க, ரெண்டரைக்கு வாங்கன்னு.

அது வரைக்கும் எங்க போறது? ஒரு தூங்குமூஞ்சி மரத்தடில சுத்தி திண்ணை மாதிரி கட்டியிருந்தாங்க, ஆயாவ அதுல உட்கார வெச்சு, அம்மா கட்டிட்டு வந்த புளிசாதத்த பிரிச்சோம். ரெண்டு வாய்தான் சாப்ட்டிருக்கும். இன்னொரு செக்யூரிட்டி வந்து, ‘இங்கெல்லாம் சாப்பிடக்கூடாது, எந்திரிங்க, சார் பாத்தா என்னைத் திட்டுவாரு’ன்னாரு. ஆயா பதறிப்போய் தூக்குவாளிய முந்தானையால மூடுச்சு. கையில வெச்சிருந்த சோத்த வாயில போடறதா, திரும்ப வாளிலயே போடறதான்னு தெரியாம அப்படியே புடிச்சிட்டு இருந்துச்சு. சொந்தக் காட்டுல ராகி வெளைய வெச்சு ஊருக்கே களி கிண்டிப் போட்ட கை அது. அத நெனச்சாதான் எனக்கு இன்னும் அடங்கல.

அங்கயும் மனுசங்க இல்லாம இல்ல. ஊத்தங்கரை பொண்ணு ஒண்ணு, ரெண்டாம் வருஷம் படிக்குதாம், நாங்க எந்திரிச்சதப் பாத்து ஓடி வந்து, ‘வாங்க ஆயா, எங்க டிபார்ட்மெண்ட் வராண்டாவுக்கு’ன்னு கைத்தாங்கலா கூட்டிட்டுப் போச்சு. பாட்டில்ல தண்ணி புடிச்சுக் குடுத்துச்சு, அம்மாவ தொறந்திருக்கற டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போச்சு. போன வருஷம் எங்க வீட்டுக்கும் இதே கதிதாங்கண்ணானு சொல்லுச்சு. பத்தொம்பது வயசுப் பொண்ணுக்குத் தோணினது அவ்ளோ பெரிய நிர்வாகத்துக்கு ஏன் தோணல? வருஷா வருஷம் அட்மிஷன் நடக்குது, என்னிக்கு எத்தனை பேரு வருவாங்கனு லிஸ்ட்டே அவங்க கையிலதான் இருக்கு. கேட்டுகிட்ட பத்து சேர், தமிழ்ல நாலு போர்டு, ஒரு டாய்லெட் சாவி, வழி சொல்ல நாலு பசங்க. பெரிய மனுசங்க வந்தா ஓட்டறதுக்கு பேட்டரி கார் வெச்சிருக்காங்க, எங்க கண்ணு முன்னாடியே ரெண்டு ஷெட்ல நின்னுச்சு. அட்மிஷன் நடக்கற நாள்ல அத கேட்டுல இருந்து ஆபீசுக்கு விட்டா என்ன கொறைஞ்சு போயிடும்?

கவர்மெண்ட் எங்க புள்ளைங்களுக்கு சீட்டு குடுக்குது, ஃபீஸ் கட்டுது, பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூவா புதுமைப்பெண்ல போடுது. எங்கள மாதிரி வீட்டுப் புள்ளைங்க வரணும்னுதானே இவ்ளோவும்? அப்போ எங்க வீட்டு ஆளுங்களும் கூட வருவாங்கய்யா, அவங்க செருப்புப் போட்ட காலோட, கட்டைப்பையோட, தூக்குவாளியோடதான் வருவாங்க.

சாயங்காலம் நாலரைக்கு வேலை முடிஞ்சுது. தங்கச்சிக்கு சீட்டு உறுதி. கேட்டுல என் லைசென்ஸ தேடி எடுக்கவே அவங்களுக்குக் கால் மணி நேரம். பஸ்ல ஆயாவுக்கு கால் ரெண்டும் வீங்கிப்போச்சு, ஜன்னலோர சீட்ல தங்கச்சி மடில கால வெச்சுத் தேச்சுக்கிட்டே வந்தோம்.

அடுத்த மாசம் ஹாஸ்டல்ல சேக்கணும். பெட்டி, பாய், பக்கெட்டோட போகணும். ஆயா இப்பவே நானும் வருவேன்னு சொல்லிட்டு இருக்கு. சாமான் எறக்க வண்டிய உள்ள விடுவாங்களான்னு கேக்கலாம்னு அட்மிஷன் பேப்பர்ல போட்டிருக்கற நம்பருக்கு நேத்து நாலு தடவ அடிச்சேன். இன்னிக்குக் காலைல டீ பிரேக்ல ரெண்டு தடவ. ரிங் போகுது, எடுக்கல.